இசைவாக்கப்பட்ட ஓடுபாதை

இசைவாக்கப்பட்ட ஓடுபாதை என்பது, ஓடுபவருடைய காலின் மீள்தன்மைக்கு ஒத்துப்போகும் வகையில் தளத்தின் விறைப்பு முன்கூட்டியே கணக்கிடப்பட்டு அமைக்கப்படும் தடகள ஓடுபாதை ஆகும். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பது போல, தளத்தின் விறைப்பு தேவையான அளவுக்குக் கூட்டியோ குறைத்தோ வைக்கப்படுவதால் இப்பெயர் ஏற்பட்டது. இவ்வகையில் நன்கு அறியப்பட்டது, ஐக்கிய அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1977 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட உள்ளரங்க ஓடுபாதையாகும். இதனைப் பொறியியலாளரும் உயிரியந்திரவியல் ஆய்வாளருமான தாமஸ் மக்மானும் (1943–1999), பீட்டர் கிரீனும் வடிவமைத்தனர். கடினமான தளம் வேகத்தைத் தரும், மென்மையான தளம் பாதுகாப்பைத் தரும், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்னும் எண்ணம் முழுமையாகச் சரியன்று என்பதைக் காட்டியதே இதன் சிறப்பு.

பின்னணி

நெடுங்காலமாக ஓடுபாதைகள் நிலக்கரிச் சாம்பல், களிமண், புல் ஆகியவற்றால் அமைக்கப்பட்டன. உள்ளரங்குகளில் மரப்பலகைத் தளங்களும் பயன்பட்டன. 1968 இல் மெக்சிகோ நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளே செயற்கைப் பரப்பில் தடகளப் போட்டிகள் நடைபெற்ற முதல் ஒலிம்பிக் ஆகும். அதன் பின்னர் செயற்கைப் பரப்புகள் உலகெங்கும் பரவின. இவை மழையில் சேறாவதில்லை. பரப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும். ஆனால் தார்த் தளத்தின் மேல் சில மில்லிமீட்டர் தடிப்பில் ஒட்டப்படும் இரப்பர்ப் படலம் ஓரளவுக்கே அமுங்கக்கூடியது. அதற்கு அடியில் இருப்பது சாலை போன்ற கடினத் தளமே.

தளம் கடினமாக இருப்பதன் விளைவை ஒரு சிறு கணக்கின் மூலம் உணரலாம். பயிற்சியில் வாரத்துக்கு 80 கிலோமீட்டர் ஓடும் ஒருவரின் ஒவ்வோர் அடியும் 1.5 மீட்டர் எனக் கொண்டால், அவர் வாரத்துக்கு 53,000 அடிகளுக்கு மேல் வைக்கிறார். ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 26,500 முறை தரையில் மோதுகிறது. ஓட்டக்காரர்களுக்கு வரும் முன்கால் எலும்பு வலி, எலும்பில் தோன்றும் நுண் விரிசல்கள், குதிநாண் அழற்சி போன்றவை பெரும்பாலும் ஒரே அடியில் ஏற்படுபவை அல்ல. இவ்வாறு திரும்பத் திரும்ப விழும் சுமையினால் ஏற்படுபவை.

காலின் மாதிரி

மக்மானும் கிரீனும் ஓடும் மனிதனின் காலை ஒரு தணிப்புடைய சுருள்வில்லாகக் கருதினர். தசையும் நாணும், அனிச்சைச் செயல்களும் சேர்ந்து வில்லைப் போலவும் அதிர்வுத் தணிப்பியைப் போலவும் செயற்படுகின்றன. வாகனங்களின் அதிர்வுதாங்கி அமைப்பை அறிந்தவர்களுக்கு இந்த மாதிரி புதியதன்று. மூளையின் கட்டளைப்படி நிகழும் கால் நீட்டத்தை மாதிரியில் பற்சட்டமும் பற்சக்கரமும் குறிக்கின்றன.

ஓடுபாதையும் ஒரு வில்லாக இருக்குமானால், இரு விற்கள் தொடராக இணைந்த அமைப்பு கிடைக்கிறது. பாதை மிகவும் மென்மையாக இருந்தால் மொத்த விறைப்புக் குறைந்து, கால் தரையைத் தொட்டிருக்கும் நேரம் கூடுகிறது, வேகம் குறைகிறது. இது எவரும் எதிர்பார்ப்பதே. எதிர்பாராதது மறுபக்கத்தில் உள்ளது. பாதை முற்றிலும் கடினமாக இருந்தால் அமுக்கம் முழுவதும் காலிலேயே நிகழ வேண்டும். காலில் உள்ள தணிப்பு அந்த ஆற்றலின் ஒரு பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. தணிப்புக் குறைந்த ஒரு வில்லாகப் பாதை சிறிதளவு அமுங்கிக் கொடுத்தால், ஆற்றலின் ஒரு பகுதி அதில் சேமிக்கப்பட்டு உடனே திருப்பித் தரப்படுகிறது. தரையைத் தொட்டிருக்கும் நேரம் சற்றுக் குறைகிறது. அடியின் நீளமோ சற்றுக் கூடுகிறது. எனவே காலின் விறைப்பை விடச் சில மடங்கு கூடுதலான விறைப்புக் கொண்ட பாதையில், கல் போன்ற தளத்தை விட வேகமாக ஓட முடியும் என மாதிரி முன்கூறியது.

சோதனைகள்

இதனைச் சரிபார்க்க, விறைப்பை மாற்றி அமைக்கத்தக்க சோதனைப் பாதைகளில் ஓட்டக்காரர்கள் ஓடவைக்கப்பட்டனர். ஒட்டுப்பலகைகளைத் தாங்கிகளின் மேல் பரப்பி ஒரு பாதையும், பெரிய நுரை இரப்பர்த் தலையணைகளைக் கொண்டு மிக மென்மையான மற்றொரு பாதையும் அமைக்கப்பட்டன. தலையணைப் பாதையில் ஓடுவது இன்பமாக இருந்திருக்கலாம். வேகம் மட்டும் வெகுவாகக் குறைந்தது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை முக்கியமானது காலடியில் அளக்கப்பட்ட விசையாகும். கடினமான பரப்பில் பாதம் பதிந்தவுடன் உடல் எடையைப் போல் 5 மடங்கு வரையான ஒரு கூர்மையான விசை உச்சம் காணப்பட்டது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது 300 கிலோகிராம் சுமைக்கு ஒப்பாகும். மென்மையான சோதனைப் பாதைகளில் இந்த உச்சம் மறைந்துபோனது. இம்முடிவுகள் 1978 இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழிலும் 1979 இல் உயிரியந்திரவியல் ஆய்விதழ் ஒன்றிலும் வெளியிடப்பட்டன.

ஆர்வர்டு ஓடுபாதை

ஆர்வர்டில் புதிய உள்ளரங்கம் கட்டப்பட்டபோது மேற்கூறிய கோட்பாடு நடைமுறைக்கு வந்தது. தளம் மரத்தால் ஆன அடிக்கட்டமைப்பின் மேல் பாலியூரிதேன் பூச்சுடன் அமைந்தது. இத்தகைய அமைப்பில் தளத்தின் விறைப்பைப் பெரிதும் தீர்மானிப்பவை பலகையின் தடிப்பும் தாங்கிகளுக்கு இடையே உள்ள தொலைவுமாகும். தாங்கிகளின் இடைவெளியை இருமடங்காக்கினால் பலகையின் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். தடிப்பை இருமடங்காக்கினால் எட்டு மடங்காகக் கூடும். ஆகவே அளவில் நேரும் சிறு பிழையும் பாதையின் தன்மையை மாற்றிவிடும். விறைப்பு சரியாக இருப்பது மட்டும் போதாது. கால் தரையை விட்டு எழுவதற்கு முன் தளம் மீண்டெழ வேண்டுமாதலால், அசையும் பகுதி எடை குறைந்ததாகவும் இருக்க வேண்டும். கனமான தளம் தாமதமாக மீண்டால் திருப்பித் தரும் ஆற்றல் ஓட்டக்காரருக்குப் பயன்படாது.

இப்பாதையில் ஆர்வர்டு ஓட்டக்காரர்களின் வேகம் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு வரை கூடியதாகவும், காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகவும் வடிவமைப்பாளர்கள் தெரிவித்தனர். நான்கு நிமிடங்களில் ஒரு மைல் ஓடுபவருக்கு 2 விழுக்காடு என்பது ஏறத்தாழ 5 நொடிகள் ஆகும். எனினும் வேகத்தைப் பற்றிய எண்ணை விடக் காயங்களைப் பற்றிய எண்ணே ஓட்டக்காரர்களுக்குப் பெரியது. காயத்தால் ஒரு மாதப் பயிற்சியை இழப்பவருக்கு 5 நொடிகளால் பயனில்லை. பின்னர் யேல் பல்கலைக்கழகத்திலும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கிலும் இதே கோட்பாட்டின்படி ஓடுபாதைகள் அமைக்கப்பட்டன.

காயம் குறித்த இம்மதிப்பீடு ஒரே அணியைச் சார்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சியின் அளவு, காலணி, புதிய அரங்கத்தால் ஏற்பட்ட ஊக்கம் ஆகியவற்றின் பங்கைத் தளத்தின் பங்கிலிருந்து பிரித்தறிவது கடினம். விசை உச்சம் மறைவது ஆய்வகத்தில் அளந்தறியப்பட்ட உண்மை. காயம் பாதியாகக் குறைந்தது என்பது ஒரு கள அனுபவம். இரண்டையும் ஒரே நிலையில் வைத்துப் பேசுவது பொருந்தாது.

வளைவுகள்

உள்ளரங்கப் பாதைகளில் தளத்தின் விறைப்புக்கு அப்பாற்பட்ட மற்றொரு சிக்கலும் உண்டு. 200 மீட்டர் நீளமுள்ள பாதையின் வளைவு ஆரம் வெளியரங்கப் பாதையினதில் பாதியளவே ஆகும். 17 மீட்டர் ஆரத்தில் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடுபவர், செங்குத்திலிருந்து ஏறத்தாழ 26 பாகை உட்புறமாகச் சாய வேண்டும். தளம் சமமாக இருந்தால் அந்தச் சாய்வு முழுவதையும் கணுக்கால் தாங்க நேரிடும். இதனால்தான் வளைவுகள் உட்புறமாகச் சரித்துக் கட்டப்படுகின்றன. போட்டி விதிகளின்படி இச்சரிவு 15 பாகைக்கு மேற்படக்கூடாது. அதே சரிவில் மெதுவாக ஓடிப் பயிற்சி செய்பவருக்கு நிலைமை தலைகீழாகிறது. அவர் சாயத் தேவையில்லாத இடத்தில் தளம் சாய்ந்திருப்பதால் கணுக்கால் எதிர்ப்புறம் மடங்குகிறது.

பிற்கால ஆய்வுகள்

மக்மானின் மாதிரியில் காலின் விறைப்பு மாறாத ஒன்றாகக் கொள்ளப்பட்டது. 1990களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேனியல் ஃபெரிஸ், கிளேர் ஃபார்லி ஆகியோர் நடத்திய ஆய்வுகள் இதனைத் திருத்தின. மென்மையான தளத்தில் ஓடுபவர் தம் காலை மேலும் விறைப்பாக்கிக்கொள்கிறார். கடினமான தளத்தில் தளர்த்திக்கொள்கிறார். புதிய பரப்பில் வைக்கும் முதல் அடியிலேயே இம்மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது என 1999 இல் வெளியான ஆய்வு காட்டியது. தளம் மென்மையானால் உடல் தாங்கும் சுமை அதே விகிதத்தில் குறையும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

மக்மான் மறைந்த பின்னர், அவரையும் ஆசிரியர்களுள் ஒருவராகக் கொண்டு 2002 இல் வெளியான கட்டுரையொன்று, தளத்தின் விறைப்பு 12.5 மடங்கு குறைக்கப்பட்டபோது ஓடுவதற்கான வளர்சிதைமாற்ற ஆற்றல் செலவு 12 விழுக்காடு குறைந்ததாகவும், காலின் விறைப்பு 29 விழுக்காடு கூடியதாகவும் தெரிவித்தது. இவ்வளவுகள் நொடிக்கு 3.7 மீட்டர் என்னும் மிதமான வேகத்தில் எடுக்கப்பட்டவை. முழுவேக ஓட்டத்துக்கு இதனை அப்படியே நீட்டிக்க இயலாது. தளத்தின் விறைப்பு குறுந்தொலைவு ஓட்டத்தின் வேகத்தைப் பாதிப்பதில்லை எனச் சாவ்வாஸ் ஸ்டாஃபிலிடிஸ், ஆடமன்டியோஸ் அரம்பட்சிஸ் ஆகியோர் 2007 இல் முடிவு கூறினர்.

விதிமுறைகள்

பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு (2019 முதல் உலகத் தடகளம்) போட்டிக்குரிய செயற்கைப் பரப்புகளின் மென்மைக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வகுத்துள்ளது. பரப்பு, கற்காரைத் தளத்துடன் ஒப்பிடுகையில் மோதல் விசையை 35 முதல் 50 விழுக்காடு வரை குறைக்க வேண்டும். கீழ் எல்லை ஓட்டக்காரரின் காலைக் காக்கிறது. மேல் எல்லை, பரப்பு அளவுக்கு மீறி அமுங்கி ஓட்டத்தைக் குலைத்துவிடாமல் தடுக்கிறது. புதிதாக இடப்படும்போது இவ்வரம்புக்குள் இருக்கும் பரப்பும், வெயிலாலும் பயன்பாட்டாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிக் கடினமாகக்கூடும். மேற்பரப்பின் நிறத்தைக் கொண்டு இதனை அறிய முடியாது. விசை குறைப்பைக் கருவி கொண்டு மீண்டும் அளந்தே அறிய வேண்டும்.