களப்பதிவும் மின்கலமும்

நாட்டுப்பாடலின் சந்தத்தை ஆராய்வோர்க்கு ஒலிநாடாவே மூலச்சுவடி. அச்சுவடியிலும் பாடவேறுபாடு புகும், புகுத்துவது மின்கலம். 1958இல் குடெல்ஸ்கி அமைத்த மூன்றாம் நாக்ரா, பன்னிரண்டு உலர்கலங்களால் இயங்கியும் நாடாவின் விரைவைத் தானே சீர்செய்தது. மலிவான கருவிகளிலோ கலம் தளருந்தோறும் நாடா மெல்ல ஓடும். அதனைப் பின்னர் நேர்விரைவில் கேட்குங்கால் குரல் உயர்ந்து, பாட்டு விரையும். கொள்ளிடக் கரையை அடுத்த அரியலூர் வயலொன்றில் பதிந்த நடவுப்பாட்டை அத்தகைய பழைய நாடாவில் அளந்து யாமும் பிழைபட்டோம். அவ்வூரில் அப்பாட்டை மீண்டும் கேட்ட பின்னரே அது புலனாயிற்று. பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் சுருதிக்குழல் ஒலி இருப்பின் திருத்தலாம், இன்றேல் அரிது.

இன்றைய எண்மக் கருவியில் விரைவு பிறழாது. ஆயினும் பெரம்பலூர் மக்காச்சோளக் கொல்லையில் நடந்தவாறே பதிகையில் வெளிக்கலத்தின் செருகி நெகிழின், உட்கலம் இல்லாத கருவி நின்றுவிடும். ஆதலின் பூட்டுடைய இணைப்பியும் உள்ளே நிறைகலமும் வேண்டும். கலம் மாற்றிய நேரத்தையும் களக்குறிப்பில் எழுதுக.