பள்ளியில் கிடைத்த மதிப்பும் வீட்டில் கிடைத்த நேரமும்: பிபிசி மைக்ரோ குறித்த ஒரு மறுபார்வை

1981 டிசம்பரில் பிரிட்டனில் வெளிவந்த பிபிசி மைக்ரோ, பள்ளிக் கணினி வரலாற்றின் பெரும் வெற்றியாகவே எழுதப்பட்டு வருகிறது. அரசு பள்ளிகளுக்குக் கணினி கொடுத்தது. அதில் பயின்ற தலைமுறை நிரலாளர்களாக உருவெடுத்தது என்பார்கள். இவ்விளக்கம் பாதி உண்மைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். பள்ளி கணினிக்கு மதிப்பைத் தந்தது. பழகுவதற்கான நேரத்தைத் தந்தது வீடு. தொலைக்காட்சியும் அச்சிதழ்களும் இரண்டுக்கும் பாலமாயின. எந்திரத்தின் அமைப்பே கற்கத் தூண்டுவதாக இருந்தது.

திட்டத்தின் அளவை முதலில் பார்ப்போம். 1981-இல் தொழில்துறை அமைச்சகம், ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியும் ஒரு கணினி வாங்க அதன் பாதி விலையைத் தர முன்வந்தது. பிபிசி மைக்ரோ, ரிசர்ச் மெஷின்ஸ் 380இசட் ஆகியவற்றுள் ஒன்றைப் பள்ளி தேர்ந்துகொள்ளலாம். மறு ஆண்டு தொடக்கப் பள்ளிகளுக்கும் இது விரிந்தது. ஆனால் 600 பேர் படிக்கும் பள்ளியில் ஒரே கணினி வாரத்துக்கு 25 மணி நேரம் இடைவிடாமல் இயங்கினாலும் ஒரு மாணவருக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம். இரண்டரை நிமிடத்தில் நிரல் எழுதக் கற்றவர் எவரும் இருக்க முடியாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே பலர் பள்ளித் திட்டத்துக்கு முழுப் புகழையும் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் கற்றல் எங்கே நடந்தது? பெரும்பாலும் வீட்டில். சிங்க்ளேர் நிறுவனத்தின் வீட்டுக் கணினியான இசட்எக்ஸ்81, தயார்நிலையில் 69.95 பவுண்டுக்குக் கிடைத்தது. 1982-இல் வந்த ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டில் தொடங்கியது. பிபிசி மைக்ரோவின் 'பி' மாதிரியோ 399 பவுண்டுக்கு ஏறியிருந்தது. ஆகவே பல பிள்ளைகள் பள்ளியில் ஒரு கணினியையும் வீட்டில் வேறொன்றையும் கண்டார்கள். இரண்டின் பேசிக் மொழியும் சற்றே வேறுபட்டாலும், வரிசை எண்ணிட்டு நிரல் எழுதும் முறை பொதுவானது. 1982 ஜனவரியில் பிபிசியில் தொடங்கிய கணினி நிகழ்ச்சி பெற்றோரையும் பார்வையாளராக்கியது. கணினி என்றால் என்னவென்று வீட்டில் பேசிக்கொள்ளும் சூழல் உருவாக அதுவும் உதவியது.

எந்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 'பி' மாதிரி பிபிசி மைக்ரோவை இயக்கினால் இரட்டை ஒலி எழும். திரையில் கணினியின் பெயரும் 32 கிலோபைட் என்ற நினைவக அளவும் வரும். அடுத்து 'பேசிக்' என்ற சொல். அதன் கீழ் ஒரு கோணக்குறி, கட்டளைக்காகக் காத்திருக்கும். வேறு எதையும் நிறுவத் தேவையில்லை. இதழில் அச்சான நிரலைப் பார்த்து வரிவரியாகத் தட்டச்சு செய்த சிறுவன் ஒரு சொல்லைப் பிறழ எழுதினால், 30-ஆம் வரியில் தவறு என்று எந்திரம் சொல்லும். அவன் இதழையும் திரையையும் மாறிமாறிப் பார்த்துத் திருத்த வேண்டும். எழுதியதைக் கேசட்டில் சேமித்து மறுபடி ஏற்ற, 16 கிலோபைட்டுக்கே இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். பிழை திருத்தக் கற்பித்தது இந்தப் பொறுமையான வேலைதான். சோஃபி வில்சன் வடித்த பிபிசி பேசிக், செயல்முறைகளுக்குப் பெயரிட்டு நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கவும் இடம் கொடுத்தது. நல்ல பழக்கம் மொழியிலேயே பதிந்திருந்தது.

வீட்டில் விளையாட்டே அதிகம் என்ற மறுப்பு உண்டு. மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் விளையாட்டும் பெரும்பாலும் கட்டளை எழுதித்தான் தொடங்கியது. விளையாட்டை உருவாக்குவதும் நிரலாக்கமே. 1984-இல் பிபிசி மைக்ரோவுக்காக வந்த 'எலீட்' விளையாட்டை எழுதியவர்கள் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர். இதைவிடக் கனமான மறுப்பு வேறு: வீட்டுக் கணினி பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வாங்கப்பட்டது. நேரம் வீட்டில்தான் கிடைக்குமென்றால், வீடு மறுத்த சிறுமிக்கு அதைப் பள்ளிதான் தந்திருக்க வேண்டும். ஒற்றைக் கணினிப் பள்ளியால் அது இயலவில்லை. இத்திட்டத்தின் உண்மையான தோல்வி இதுவே.

பின்னாளில் பள்ளிகளில் கணினிகள் பெருகின. பாடமோ அலுவலக மென்பொருளை இயக்கும் பயிற்சியாகச் சுருங்கியது. அக்குறையை உணர்ந்தே இங்கிலாந்து 2014-இல் நிரலாக்கத்தை உள்ளடக்கிய புதிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. எண்ணிக்கை கூடியதால் கற்றல் கூடிவிடவில்லை.

இந்தியாவுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்குக் கொடுத்ததும் பிபிசி மைக்ரோவைத்தான். எந்திரம் வந்தது, ஆனால் பிரிட்டனில் அதைச் சூழ்ந்திருந்த வீட்டுக் கணினி இங்கே இல்லை. அன்று அதன் விலை நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாதது. பழகும் நேரத்துக்கு ஏற்பாடு செய்யாமல் பிரிட்டன் கண்ட பயனை இங்கே எதிர்பார்த்தது பிழை. தமிழ்நாடு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இதற்கு மாறாக, கணினியை மாணவரின் வீட்டுக்கே கொண்டு சேர்த்தது. அதை ஆராய்வோர் எத்தனை கணினிகள் வழங்கப்பட்டன என்ற பட்டியலோடு நிற்க வேண்டாம். ஒரு மாணவி வாரத்தில் எத்தனை மணி நேரம் அதன்முன் தனியே அமர முடிந்தது, அதில் அவள் எதை எழுதினாள் என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.