நல்கையும் அச்சகமும்: புணே தரும் பாடம்

புணேவில் அரசின் ஆதரவில் வெளிவந்த 'ஷாலாபத்ரக்' என்னும் மராத்தி இதழை விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் நடத்தினார். ஆட்சியாளரையும் மிஷனரிகளையும் அவர் கடிந்து எழுதியதால் 1875இல் அரசு அதை நிறுத்திவிட்டது. ஆயினும் அவர் குரல் அடங்கவில்லை. முந்தைய ஆண்டிலேயே அவர் சொந்தமாகத் தொடங்கியிருந்த 'நிபந்தமாலா' என்னும் திங்களிதழ், ஏழாண்டுகளில் 84 இதழ்களைக் கண்டது.

1878இல், வண்ணப் படங்களை அச்சிட்டு விற்ற 'சித்திரசாலா' அச்சகத்தை நிறுவுவதில் அவர் முன்னின்றார். மறு ஆண்டு அரசுப் பணியைத் துறந்தார். 1881இல் திலகர், ஆகர்கர் முதலியோருடன் அவர் தொடங்கிய 'கேசரி', அவர்களது 'ஆர்யபூஷண்' அச்சகத்தில் அச்சாயிற்று.

சிற்றிதழ்களுக்கு அரசு நல்கை வேண்டுமா என்னும் விவாதத்தில் இவ்வரலாறு ஒரு வேறுபாட்டை உணர்த்துகிறது. இதழ்ச் செலவை மட்டும் ஏற்கும் நல்கை, நின்றால் இதழும் நின்றுவிடும். அச்சையும் விற்பனையையும் வளர்க்கும் நல்கையோ, தான் நின்ற பின்னரும் இதழை நிற்கச் செய்யும்.