நாவில் நிலைத்த ரங்கூன்

இஸ்ராயேல் மக்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்கள். விடுதலை பெற்றுப் பாலைவனம் வந்த பின்னும், அங்கே உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள் என்று எண்ணாகமம் கூறுகிறது. அவர்கள் நன்றி மறந்தவர்கள் என்றே பிரசங்கங்களில் கேட்டு வந்திருக்கிறோம். ஆயினும், நம் தமிழ் மக்களின் பர்மா வரலாற்றைப் படிக்கும்போது அவ்வழுகையின் மறுபக்கமும் நமக்குப் புலனாகிறது.

ஆங்கிலேயர் காலத்தில் வயல் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வணிகத்திற்கும் தமிழர் பல்லாயிரவர் பர்மா சென்றனர். 1942-ல் ஜப்பானியர் படையெடுத்தபோது கால்நடையாய்த் திரும்பியோரில் வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியோர் அங்கேயே வாழ்ந்தனர். 1962-ல் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமற் போயின. இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். தமிழர் பலர் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர்.

அரசாங்க ஏடுகளில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. ஆனால் அவர்களுள் பலர் பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குச் சென்னையே அயல்நாடு! வீட்டில் பேசியது தமிழ். காலையில் நாக்குக் கேட்டதோ மொகிங்கா. அரிசிச் சேவையின் மீது, வாழைத்தண்டு சேர்த்த மீன் குழம்பை ஊற்றி உண்ணும் பர்மியக் காலையுணவு அது. அரசு கடனுதவி தந்தது, குடியிருப்பும் தந்தது. நாவின் ஏக்கத்திற்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது?

அதற்கு அவர்களே வழி கண்டனர். 1969-ல் பாரிமுனை அருகே பர்மா பஜார் தோன்றியது. அதை அடுத்த தெருக்களில் அத்தோ வண்டிகள் நின்றன. கையால் பிசைந்து கலப்பது என்னும் பொருளுடைய பர்மியச் சொல்லே நம்மிடம் ‘அத்தோ’ ஆயிற்று. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எண்ணெய் - இவ்வளவே. தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். ஏங்கியவர்களுக்கு அது ஊர் ருசி, விற்றவர்களுக்கோ பிழைப்பு. இன்று பர்மாவைக் காணாத இளைஞரும் அதை விரும்பி உண்கின்றனர்.

இங்கே மனம் பொருந்தாமல், தரைவழியே பர்மாவுக்கே திரும்பிப் போக முயன்றவர்களும் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரே என்னும் ஊரில் தங்கிவிட்ட அவர்கள், அங்கே இட்டிலியும் தோசையும் சுட்டனர். சென்னையில் மொகிங்கா, மோரேயில் இட்டிலி! விட்டு வந்த இடத்தை மனிதன் அடுப்பிலேனும் மீட்டுக்கொள்கிறான்.

இன்று வடமாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். மளிகைக் கடையில் கடுகெண்ணெய் கேட்டு அவர்கள் நிற்கும்போது நகைக்க வேண்டாம். அந்த ரங்கூன் கப்பலை நினைப்போம். அவர்கள் ஊரில் என்ன சமைப்பார்கள் என்று அன்போடு கேட்போம். வரவேற்பு அங்கிருந்தே தொடங்கட்டும்.