வாக்கு போனது, ஆட்சேபம் வந்தது

தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறப்போகிறது என்பது அங்கே குடியிருப்போருக்கு எப்போது தெரிகிறது? பலருக்கு, மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்போதுதான். ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வரைபடத்தில் அந்த நிலத்திற்கு வண்ணம் தீட்டியிருப்பார்கள். அதுதான் உள்ளூர்த் திட்டம்.

1950-களின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதே அதன் வழி. ஈப்போவில் அப்போது நகராண்மையைத் தேர்தல்தான் தீர்மானித்தது. சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி அங்கே கோலோச்சியது.

1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976-இல் அடுத்தடுத்த எண்களில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஊராட்சி மன்றச் சட்டம் 171, மன்ற உறுப்பினர்களை நியமன முறைக்கு மாற்றியது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 172, ஆட்சேபம் சொல்லும் உரிமையைத் தந்தது. ஒரு கதவு மூடியது. ஒரு ஜன்னல் திறந்தது.

அந்த ஜன்னல் எப்படிப்பட்டது? மன்றம் நகல் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறைந்தது 4 வாரங்களுக்குள் எழுத்துபூர்வமாக ஆட்சேபிக்கலாம். ஒரு குழு அவற்றை விசாரிக்கும். பிறகு மந்திரி புசார் தலைமையிலான மாநிலத் திட்டக் குழு அங்கீகரிக்கும்.

இந்தச் சட்டத்தின் தாய்வீடான இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே மத்திய அரசாங்கம் நியமிக்கும் ஆய்வாளர் திட்டத்தைப் பகிரங்கமாக ஆராய்கிறார். அவர் பரிந்துரைக்காத திட்டத்தை மன்றம் ஏற்க முடியாது. இங்கோ விசாரிப்பதும் முடிவெடுப்பதும் மாநில நிர்வாகத்தின் வட்டத்துக்குள்ளேயே நடக்கின்றன. மன்றத்துக்கும் மாநிலத்துக்கும் வெளியிலிருந்து ஒருவர் வந்து திட்டத்தைச் சோதிப்பதில்லை.

அதனால்தான் அந்த 4 வாரங்கள் இன்னும் முக்கியமாகின்றன. திட்டம் அரசாங்கப் பதிவேட்டில் வெளியானபின், அதற்கு முரணாக மேம்பாட்டு அனுமதி தரக்கூடாது என்பது சட்டம். எனவே ஒரு தமிழ்ப்பள்ளியோ, கோயிலோ, இடுகாடோ வரைபடத்தில் விடுபட்டிருந்தால், அதைச் சுட்டிக்காட்ட வேண்டிய நேரம் அதுவே. மனுவில் இடத்தையும் காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட்டு, விசாரணைக்கு நேரில் போய் நிற்க வேண்டும்.

அன்று தோட்டத்தைக் காக்கப் பணம் திரட்டினார்கள். இன்று முதலில் வேண்டியது, மன்ற அலுவலகத்துக்குப் போய் அந்த வரைபடத்தைப் பார்ப்பது. வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது இதுதான்.