இணையவழிப் பல்கலைக்கழக வகுப்புகளில் மாணவர் ஈடுபாடு

இணையவழிப் பல்கலைக்கழக வகுப்புகளில் மாணவர் ஈடுபாடு என்பது, இணையம் மூலம் நடத்தப்படும் உயர்கல்வி வகுப்பொன்றில் மாணவர் பாடத்துடனும், ஆசிரியருடனும், உடன் பயில்வோருடனும் எந்த அளவுக்கு முனைப்புடன் இணைந்திருக்கின்றார் என்பதைக் குறிக்கும். நேரடி வகுப்பில் மாணவர்களின் முகத்தைப் பார்த்தே ஆசிரியர் இதனை ஓரளவு உணர்ந்துகொள்கின்றார். இணையவழியில் இதனை மறைமுகமாகவே அறிய முடியும். வகுப்பில் நுழைந்துள்ள மாணவர் பாடத்தைக் கவனிக்கின்றாரா, அல்லது அந்தச் சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கின்றாரா என்பதை மென்பொருள் பதிவுகள் காட்டுவதில்லை. இடைநிற்றல் தொலைநிலைக் கல்வியின் நெடுநாளைய சிக்கல் ஆதலால், ஈடுபாட்டைத் தூண்டும் வழிகள் கல்வியியலில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன.

கோட்பாடுகள்

அமெரிக்கக் கல்வியியலாளர் மைக்கேல் மூர் 1989ஆம் ஆண்டில், தொலைநிலைக் கல்வியில் நிகழும் ஊடாட்டத்தை மூன்றாக வகைப்படுத்தினார். அவை மாணவர்-பாடம், மாணவர்-ஆசிரியர், மாணவர்-மாணவர் என்பனவாகும். கனடாவைச் சேர்ந்த டெரி ஆண்டர்சன் 2003இல் இதிலிருந்து ஒரு முடிவை முன்வைத்தார். இம்மூன்றில் ஏதேனும் ஒன்று உயர்ந்த தரத்தில் அமைந்தால் ஆழ்ந்த கற்றல் நிகழும். மற்ற இரண்டும் குறைவாக இருக்கலாம் என்பது அவரது கருத்து. பணியில் இருந்துகொண்டே படிப்போருக்கு நேரம் குறைவு என்பதால், நடைமுறையில் இக்கருத்து மிகவும் பயனுள்ளது. எல்லா வகை ஊடாட்டங்களையும் ஒரே வகுப்பில் திணிக்க வேண்டியதில்லை.

ரேண்டி காரிசன், ஆண்டர்சன், வால்ட்டர் ஆர்ச்சர் ஆகியோர் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய தேடல் சமூகம் என்னும் மாதிரியும் பரவலாக அறியப்பட்டது. அறிதல்சார் இருப்பு, சமூக இருப்பு, கற்பித்தல் இருப்பு என்பன இதன் கூறுகள். மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் நட்பாக உரையாடுவது மட்டும் போதாது, அந்த உரையாடலை வடிவமைத்து நெறிப்படுத்தும் ஆசிரியரும் தேவை என்பதை இம்மாதிரி வலியுறுத்துகின்றது.

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கில்லி சால்மன், 2000ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் ஐந்து படிநிலைகளை விளக்கினார். முதற்படி, மாணவர் தளத்தினுள் நுழைவதும் அதற்கான ஊக்கம் பெறுவதுமாகும். அடுத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளல். அதன் பின்னரே தகவல் பரிமாற்றமும், அறிவு உருவாக்கமும், தற்சார்பு வளர்ச்சியும் வருகின்றன. கடவுச்சொல் வேலை செய்யாத மாணவரிடம் முதல் வாரத்திலேயே குழு விவாதத்தை எதிர்பார்ப்பது ஏன் தோல்வியடைகின்றது என்பதை இது எளிதில் விளக்கிவிடுகின்றது.

பெருந்திரள் பாடங்களின் படிப்பினை

2012ஆம் ஆண்டில் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வழங்கிய மின்சுற்றுகள், மின்னணுவியல் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்தனர். தேர்ச்சி பெற்றோர் 7,157 பேர், அதாவது நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. பதிவு செய்தவர்களுள் பலர் வெறும் ஆர்வத்தால் எட்டிப் பார்த்தவர்கள் என்பதால், எஞ்சியோர் அனைவரையும் தோல்வியுற்றவர்களாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் இத்தகைய பாடங்கள் முன்னர் கிடைத்திராத அளவுக்குத் தரவுகளைத் தந்தன.

எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில், மாணவர்கள் நிகழ்படம் பார்த்த 69 இலட்சம் அமர்வுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2014இல் வெளியானது. நிகழ்படம் எவ்வளவு நீளமாக இருப்பினும், மாணவர் அதனைப் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடங்களைத் தாண்டவில்லை என அது கண்டறிந்தது. ஆசிரியர் கையால் எழுதிக்கொண்டே விளக்கும் பாடங்கள், வெறும் படவில்லைகளைவிடக் கூடுதலாகக் கவனத்தை ஈர்த்தன. வகுப்பறையில் பதிவு செய்த ஒரு மணிநேர விரிவுரையை அப்படியே ஏற்றிவிடும் வழக்கம் ஏன் பயனளிப்பதில்லை என்பதற்கு இதுவே விடை.

2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஏறக்குறைய 250 பாடங்களில் இரண்டரை இலட்சம் மாணவர்களிடம் நடத்தப்பட்டது. எப்பொழுது, எங்கே படிக்கப் போகின்றீர்கள் என்று முன்கூட்டியே எழுதச் செய்தபோது முதற்சில வாரங்களில் ஈடுபாடு கூடியது. ஆனால் பாடத்தை நிறைவு செய்தோர் விகிதம் உயரவில்லை. ஒருமுறை செய்யும் சிறு தூண்டுதல் தொடர்ந்த வழிகாட்டலுக்கு ஈடாகாது எனலாம்.

ஆசிரியரின் மறுமொழி

ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் இணையவழிக் கணினியியல் முதுகலைப் படிப்பில், அசோக் கோயல் நடத்திய பாடமொன்றில் சுமார் 300 மாணவர்கள் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 10,000 செய்திகளை இட்டு வந்தனர். அவற்றுக்கு விடையளிக்க 2016இல் ஜில் வாட்சன் என்ற மென்பொருள் துணை ஆசிரியராகப் பயன்படுத்தப்பட்டது. அது மனிதர் அன்று என்பது பருவ இறுதியில்தான் மாணவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. வழக்கமாகத் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளே அதன் களமாக இருந்தன. பாடத்தின் உட்பொருள் பற்றிய ஐயங்கள் மனித ஆசிரியர்களிடமே விடப்பட்டன.

அளவிடுதலில் உள்ள சிக்கல்கள்

வாரம் ஒரு பதிவும் இரு மறுமொழிகளும் கட்டாயம் என மதிப்பெண்ணுடன் விதிப்பது பல பல்கலைக்கழகங்களில் வழக்கமாகும். இவ்வாறு செய்யும்போது எண்ணிக்கை கூடும். ஆனால் "உங்கள் கருத்தை ஏற்கின்றேன்" என்ற வகை மறுமொழிகளே நிறைகின்றன. மறுபுறம், எதுவும் எழுதாமல் பிறரின் விவாதங்களைப் படித்தே கற்கும் மாணவர் ஈடுபாடற்றவராகக் கணக்கிடப்படுகின்றார். பதிவின் எண்ணிக்கைக்குப் பதிலாக வினாவை மாற்றுவது நல்ல பலன் தரும். ஒரே விடை உள்ள வினாவுக்கு முதல் மாணவர் எழுதியபின் பிறர் சேர்ப்பதற்கு எதுவும் இராது. ஒவ்வொருவரும் தம் ஊரிலோ பணியிலோ இருந்து தரவு கொண்டுவர வேண்டிய வினாவுக்கு அந்நிலை ஏற்படாது.

கொரோனாப் பெருந்தொற்றின்போது கேமராவை இயக்கும்படி கட்டாயப்படுத்துவது விவாதத்துக்கு உள்ளானது. கார்னெல் பல்கலைக்கழக வகுப்பொன்றில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், கேமராவை அணைத்து வைப்பதற்கு மாணவர்கள் மிகுதியாகக் கூறிய காரணம் தம் தோற்றம் குறித்த கவலையாகும். பின்னணியில் தெரியும் வீட்டுச் சூழலும் இணைய இணைப்பின் வேகக் குறைவும் பிற காரணங்கள். கட்டாயமாக்காமல் ஊக்குவிக்குமாறு அவ்வாய்வாளர்கள் பரிந்துரைத்தனர்.

இந்தியாவில்

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டம், 2014 முதல் சான்றிதழ்ப் பாடங்களையும் வழங்கி வருகின்றது. இதில் வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடும், தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளே கணக்கில் கொள்ளப்படும். எனவே கல்லூரித் தேர்வு, பணிச்சுமை போன்றவற்றால் நான்கு வாரங்களைத் தவறவிட்ட மாணவரும் பாடத்தைக் கைவிடாமல் தொடர முடிகின்றது.