ஊர்க் காளையும் உதகைக் குச்சியும்

வேலூரை அடுத்த பொய்கைச் சந்தையில் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் போய் நின்றால், விலை பேசும் சத்தத்துக்கு நடுவே ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "மூணு ஊசி போட்டாச்சு, நிக்கவே இல்ல." ஊசி என்பது சினை ஊசி; நிற்பது என்றால் சினை பிடிப்பது. செயற்கைமுறைக் கருவூட்டல் என்று கால்நடைத் துறை எழுதுவதை வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கம் வாயால் யாரும் சொல்வதில்லை. அதைத் தொடர்ந்து வருவது பெரும்பாலும் காளைப் புராணம். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு பொலிகாளை இருந்தது, ஒரே தாவலில் நின்றது. இப்போது ஊட்டியிலிருந்து குச்சியில் அடைத்துக் கொண்டுவந்து போடுகிறார்கள், அது நம்ம ஊர் வெயிலுக்கு ஒத்துவரவில்லை.

இதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல்.

இரண்டு காளைகளையும் அவை நிற்கும் இடத்தில் வைத்தே பார்ப்போம். வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்குப்படி, இரண்டு ஊருக்கும் இடையே 13 டிகிரி வித்தியாசம் வருகிறது. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. அதே நாளில் உதகைக் காளை 25 டிகிரிக்குக் கீழே நின்று அசைபோடுகிறது. அரசு சார்ந்த உறைவிந்து நிலையங்கள் எல்லாமே மலையில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓசூர் இடைப்பட்ட உயரம். தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டை சமவெளி. சென்னைக்கு அருகே அலமாதியில் தேசிய பால்வள வாரியத்தின் நிறுவனம் நடத்தும் நிலையமும் சமவெளியில்தான் இருக்கிறது. ஆனாலும் சந்தைப் பேச்சில் எல்லாக் குச்சியும் 'ஊட்டிக் குச்சி'தான். ஒப்பிட வசதியாக நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

காளையின் உடல் வெப்பம் 38.5 டிகிரி அளவில் இருக்கும். அந்தச் சூட்டில் விந்தணு ஒழுங்காக உருவாகாது. விதைகள் உடலைவிட 2 முதல் 6 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். அவை வெளியே தொங்குவது அதற்காகத்தான். பையின் தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய தசை வெயிலில் தளர்ந்து பையைக் கீழே இறக்கும், பனியில் சுருக்கி உடலோடு ஒட்டவைக்கும். பையின் தோலில் வியர்வைச் சுரப்பிகளும் உண்டு. எல்லாவற்றையும்விட நுட்பமான ஏற்பாடு பையின் கழுத்துப் பகுதியில் இருக்கிறது. விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அங்கே பாம்பைப் போலச் சுருண்டு கிடக்க, திரும்பி வரும் சிரைகள் அதைச் சுற்றி வலையாகப் பின்னியிருக்கின்றன. கீழேயிருந்து குளிர்ந்து ஏறும் ரத்தம், மேலிருந்து இறங்கும் ரத்தத்தின் சூட்டை வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. தலைவாசலிலேயே செருப்பைக் கழற்றவைப்பது போல, சூட்டைக் கழற்றிவிட்டுத்தான் ரத்தம் உள்ளே போகிறது.

இந்த ஏற்பாடு வெளிக்காற்று உடலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை நன்றாக ஓடும். சித்திரை மதியத்தில் வேலூர்க் காற்றே உடலைவிடச் சூடு. அப்போது காளைக்கு மிஞ்சுவது வியர்வை காய்ந்து குளிர்வது மட்டும். அந்த வகையில் வேலூரின் வறண்ட வெயில் கொஞ்சம் இரக்கமுள்ளது. வேலூர் வெயில் சுடும், சென்னை வெயில் அவிக்கும் என்று இரண்டையும் அனுபவித்தவர்கள் சொல்வது காளைக்கும் பொருந்தும்; ஈரக்காற்றில் வியர்வை காயாது, 36 டிகிரியே 42 போல வேலை செய்யும்.

இனிதான் சந்தைப் பேச்சு கோட்டைவிடும் இடம் வருகிறது. வெயில் அடித்த நாளில் விந்து கெடுவதில்லை. ஒரு விந்தணு விதைக்குள் தொடக்கத்திலிருந்து உருவாகி முடிய 61 நாள் ஆகிறது. பிறகு விதையின் மேல் ஒட்டிச் சுருண்டு கிடக்கும் குழாயில் நகர்ந்து முதிர்ச்சி அடைய இன்னும் பத்து நாள் அளவில் ஆகும். வெயில் அதிகம் தாக்குவது உற்பத்தி வரிசையின் நடுவில் பிளந்துகொண்டிருக்கும் செல்களையும், அப்போதுதான் தலையும் வாலும் வடிவெடுக்கும் செல்களையும். மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரத்தை இந்தக் கணக்கில் வைத்தால், அதன் கறை மே மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம்வரை விந்தில் தெரியும். வானம் குளிர்ந்து, மழைத் தூறலில் காளை சுகமாக நிற்கும் ஆனி, ஆடியில்தான் அதன் விந்து மோசமாக இருக்கும். உரிமையாளர் கண்ணுக்குக் காளையிடம் ஒரு குறையும் தெரியாது.

வர்ஜீனியாவில் 1990களின் தொடக்கத்தில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். காளைகளின் விதைப்பையைச் சூடு வெளியேறாதபடி 48 மணி நேரம் உறை போட்டு மூடி, பிறகு எடுத்துவிட்டார்கள். முதல் ஒன்பது நாள் எடுத்த விந்து நுண்ணோக்கியில் நன்றாகவே இருந்தது. 12ஆம் நாள் வாக்கிலிருந்துதான் கோணல் தலை, உடைந்த வால் என்று குறைகள் வரத் தொடங்கின. இன்னொன்றும் தெரிந்தது: முதல் ஒன்பது நாளின் அந்த 'நல்ல' விந்தை உறையவைத்து மீண்டும் உருக்கியபோது, அது வழக்கமான அளவுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. புதிதாக இருக்கும்போது மறைந்திருந்த சூட்டுக் காயம் குளிரில் வெளிப்பட்டது. ஊர்க் காளைக்கும் குச்சிக்கும் உள்ள வேறுபாட்டின் முக்கால்வாசி எனக்கு இந்த ஒரு முடிவிலேயே அடங்கியிருப்பதாகப் படுகிறது.

ஊர்க் காளை ஒரு தாவலில் விடுவது ஏறத்தாழ 5 மில்லி. ஒரு மில்லியில் நூறு கோடி என்று வைத்தாலும் ஐந்நூறு கோடி விந்தணு. கால் மில்லிக் குச்சியில் இருப்பது இரண்டு கோடி. உருக்கிய பிறகு அதில் பாதியாவது நீந்த வேண்டும் என்பது நம் நாட்டுத் தரவிதி. ஆக, பசுவுக்குள் போவது ஐந்நூறு கோடியா, உயிரோடு ஒரு கோடியா என்பது கேள்வி. வெயிலில் அடிபட்டு ஊர்க் காளையின் விந்தணுவில் பாதி முடங்கிப் போனாலும் இருநூற்று ஐம்பது கோடி மிச்சம். 'பழைய காளை ஒரே தாவலில் நிற்கும்' என்ற நினைவின் ரகசியம் இந்தத் தாராளத்தில் இருக்கிறது. குச்சி கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் வீடு. அங்கே பாதி போனால் தெரிந்துவிடும்.

ஆனால் எண்ணிக்கையால் ஈடுகட்டக்கூடிய குறை வேறு, ஈடுகட்ட முடியாத குறை வேறு. நீந்த முடியாத விந்தணு முட்டையை எட்டாது. அது எத்தனை கோடி இருந்தாலும் நல்லதன் வழியை மறிக்காது. வெயிலில் உள்ளே மரபணு இழை அறுந்து, வெளியே வாட்டசாட்டமாக நீந்தும் விந்தணுதான் ஆபத்து. அது முட்டையை எட்டும், துளைக்கும், கருவும் உண்டாகும்; சில நாளில் கரு கலைந்துபோகும். அடுத்த பருவத்தில் பசு மறுபடி கத்தும். அங்கே ஐந்நூறு கோடியும் உதவாது. ஊர்க் காளையின் விந்தை யாரும் நுண்ணோக்கியில் வைப்பதில்லை. கன்று வீச்சு நோய் உண்டா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் இல்லை. உறைவிந்து நிலையத்தில் உறையவைத்த பிறகும் ஒரு குச்சியை உருக்கிப் பார்த்து, தேறாத தொகுதியைக் கொட்டிவிடுகிறார்கள். ஊர்க் காளையை மீட்டுக்கொண்டு வா என்று கோருவோரோடு நான் சேராததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு நியாயக்குறைவும் அந்தக் கோரிக்கையில் உண்டு. நினைவில் நிற்கும் காளை நாட்டுக் காளை. நாட்டு இனத்தின் விதைத் தமனி, விதையின் அளவோடு ஒப்பிட நீளமானது, சுவர் மெல்லியது, தமனிக்கும் சிரைக்கும் இடைவெளி குறைவு. சூட்டைக் கழற்றிவைக்க இடம் தாராளம். அதனால் அதே வெயிலில் அதன் விந்து குறைவாகவே சரியும், சீக்கிரமும் தேறும். இன்று ஊரில் கயிறு கட்டாமல் திரியும் காளை பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பு. கலப்பினக் காளைகளில் கணிசமானவை நிலையங்களிலேயே விந்து தேறாமல் கழிக்கப்படுகின்றன. அப்படி ஒன்று சித்திரை வெயிலில் ஊருக்குள் நிற்பதை, தாத்தா காலத்துக் காளையோடு ஒன்றாக எண்ணக் கூடாது. தை, மாசியில் எருது விடும் விழாவில் வேலூர் மாவட்டத்துத் தெருக்களில் சீறிக்கொண்டு ஓடும் காளையைப் பார்த்து மயங்குகிறோம். அது அந்தக் காளைக்கு ஆண்டின் குளிர்ந்த மாதங்களுக்கு அடுத்து வரும் நல்ல காலம். அதையே ஆனியில் பார்த்தால் வேறு கதை.

நமக்கு வடக்கே உள்ள நெல்லூர், ஓங்கோல் பகுதி மாடுகள் பிரேசிலுக்குப் போய் 'நெல்லோர்' என்ற பெயரில் அந்நாட்டின் பெரும் மாட்டுக் கூட்டமாகப் பெருகின. அங்கே வெப்பமான மேய்ச்சல் வெளியில் நெல்லோர்க் காளையை அப்படியே விடுகிறார்கள். ஆங்கஸ் கலப்பு வேண்டுமென்றால் ஆங்கஸ் காளையை வெயிலில் விடாமல், அதன் உறைவிந்தை வாங்குகிறார்கள். நாம் ஜெர்சியை உதகையில் நிறுத்தியதும் அதே கணக்குத்தான்.

1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமரன் இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கைமுறைக் கருவூட்டலைச் செய்தபோது, விந்தை எடுத்த காலத்திலேயே பயன்படுத்தியாக வேண்டியிருந்தது. கிளிசரின் சேர்த்தால் விந்து உறைந்தும் பிழைக்கும் என்று 1949இல் இங்கிலாந்தில் போல்ஜும் அவருடன் இருந்தவர்களும் கண்ட பிறகுதான், மார்கழியில் எடுத்த விந்தைச் சித்திரையில் போடுவது சாத்தியமாயிற்று. குச்சி காளையின் பருவத்தைப் பசுவின் பருவத்திலிருந்து பிரித்துவிட்டது.

பிரித்ததோடு வேலை முடியவில்லை. குச்சி வேலூருக்கு வந்துசேர்கிறது. உறைவிந்துக் கன்டெய்னரின் கழுத்துக்கு மேலே தூக்கி, எந்தக் குச்சி என்று தேடும் சில நொடிகளில் வெளியே 41 டிகிரி. உருக்கும் முறை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம். வெந்நீர்க் குடுவை இல்லாமல் கைக்குள் பொத்தி உருக்கினால், உதகையில் காத்துவந்த பாதி, மாட்டுக் கொட்டகை வாசலில் போய்விடும். இது காளையின் பழியும் இல்லை, குளிரின் பழியும் இல்லை.

பசுவும் அதே சித்திரையைத்தான் கடந்து வந்திருக்கிறது. ஆடியில் வெளிவரும் முட்டை, சித்திரை, வைகாசியில் வளரத் தொடங்கியது. அதற்கும் சூட்டின் நினைவு உண்டு. காளைக்கு இருப்பதுபோலவே வாரக்கணக்கில். கரு உண்டான முதல் ஓரிரு நாளில் பசுவின் உடல் சூடேறினால் கரு பிழைப்பது கடினம். மூன்று நான்கு நாள் தாண்டினால் தாங்கும். போதாக்குறைக்குக் கோடையில் பருவ அறிகுறி குறைந்து, ஊமைப் பருவமாகிவிடும். தெரிவதும் இரவிலோ விடியலிலோ சில மணி நேரம். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டுப் பெண்கள் காலையில் ஷூ கம்பெனிக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறார்கள். கண்ணாடிபோல் ஒழுகும் கோழையை யார் எப்போது பார்ப்பது? காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி என்ற விதி, கண்டவர்களுக்கு மட்டும்தான்.

இந்தப் பகுதியில் பேசினால் பாலாறு வராமல் போகாது. அதில் கலந்த தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீர் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கே வேலூர் பெயரில் இருக்கிறது. தண்ணீர் கெட்டதால் மாடு சினை பிடிக்கவில்லை என்று சொல்வோர் உண்டு. கெட்ட தண்ணீர் எந்த உயிருக்கும் நல்லதல்ல. ஆனால் தோல் ஷாப்பு என்று இங்கே சொல்லும் அந்த ஆலை ஆண்டு முழுக்க ஓடுகிறது. சினை பிடிக்காமை ஆனி ஆடியில் கூடி ஐப்பசியில் குறைகிறது. தோல் ஷாப்பே இல்லாத ஊர்களிலும் அப்படித்தான்.

இந்தியப் பண்ணைகளில் நடந்த பருவ ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. கோடையே மோசம் என்பவை பல; மழைக்கால ஈரம் மோசம் என்பவை சில; நாட்டுக் காளையில் பெரிய வேறுபாடே இல்லை என்பவையும் உண்டு. விந்து எடுத்த மாதத்தின் வெப்பத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் அப்படித்தான் குழம்பும். எடுத்த நாளுக்கு எழுபது நாள் முன்பிருந்து வெப்பத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கால்நடை வளர்ப்போரும் ஊசி போட்ட தேதியை மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைத்தால், இதை அவர்களே பார்த்துவிடலாம்.

பொய்கைக்குத் திரும்புவோம். மூன்று ஊசி நிற்காத பசு 'நிக்காத மாடு' என்று பேரெடுத்துச் சந்தைக்கு வந்திருக்கிறது. அந்தப் பேரோடு போகும் மாடு கடைசியில் எங்கே போகும் என்று தோல் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விற்பவரின் சுவரில் தேதிகள் இருந்தால் வைகாசி 10, ஆனி 1, ஆனி 22 என்று இருக்கும். துண்டுக்குள் விரலைப் பிடித்திருக்கும் வியாபாரி மாட்டின் வயதையும் பல்லையும் மடியையும் பார்த்துவிட்டு, எப்போது ஊசி போட்டீர்கள் என்று மட்டும் கேட்கிறார். பதிலைக் கேட்டதும் இன்னும் இரண்டாயிரம் குறைக்கிறார். பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார், ஐப்பசி வரட்டும் என்று.